ரைஸ்மில் மனையில் கிடைத்த இரும்பு

வலங்கைமானை அடுத்த எங்கள் ஊரில், பல ஆண்டுகளாகக் கருவேல முள் மண்டிக் கிடந்த பழைய ரைஸ்மில் இடத்தை மனை மனையாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். அவற்றுள் ஒன்றை வாங்கியவர் சென்ற கோடையில் வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கப் பொக்லைன் வைத்துத் தோண்டியபோது, இடுப்பளவு ஆழத்தில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய கனமான செங்கல் மேடை ஒன்றும், அதை ஒட்டிய குழியிலிருந்து இரும்பாலான ஒரு பொருளும் வெளிவந்தன. பேரிக்காயைப் போல ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் குறுகியும் இருந்த அந்தப் பொருளின் குண்டுப் பகுதி ஏறத்தாழ 7 அங்குலக் குறுக்களவு கொண்டது. குறுகிய பக்கம், பட்டறைக்காரர்கள் ஃபிளாஞ்ச் என்று சொல்லும் தட்டையான வட்ட விளிம்பில் முடிந்தது. விளிம்பைச் சுற்றி ஆறு துளைகள், குண்டுப் பகுதியின் பக்கவாட்டில் சிறிதாகப் புடைத்த ஓர் இடம், அதன் நடுவே ஒரு துளை. எடை பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பாலிடெக்னிக் பட்டறையில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் இது போன்றவை ஊரில் எங்கே கிடைத்தாலும் என்னிடம் வந்துவிடும், இதுவும் வந்தது.

வருவதற்கு முன்பே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வலங்கைமான் வாணவேடிக்கைக்குப் பேர்போன ஊர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் வெடி அங்கிருந்துதான் வரும். ஆகவே, ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் வாய் திறந்து, பக்கத்தில் திரி வைக்கத் துளையும் இருக்கிற இரும்பு என்றால் அது அதிர்வேட்டுக் குழாயாகத்தான் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் முடிவு. வயதில் மூத்த சிலர் மட்டும் அதை ஏற்காமல், எம்டன் கப்பல் போட்ட குண்டு என்றார்கள். எம்டன் என்ற பெயர் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் நம் பேச்சில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஆனால், குண்டு என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு அந்தப் பேச்சைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. உள்ளே களிமண் இறுகி அடைத்திருந்தது. அடைபட்ட இரும்புப் பொருளைச் சுத்தியலால் தட்டுவதோ கிரைண்டரில் கொடுப்பதோ உயிரோடு விளையாடுவது. எனவே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் வந்து பார்த்து, ஆபத்தானது அல்ல என்று உறுதிப்படுத்திய பிறகே நான் அதில் கை வைத்தேன்.

எம்டன் கருத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது சுட்டது. கரையிலிருந்த எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. அந்தக் கப்பலின் பெரிய பீரங்கிகளே 10.5 சென்டிமீட்டர் வாய் கொண்டவைதான். 7 அங்குலம் என்பது ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். அவ்வளவு பருத்த ஒன்று அந்தப் பீரங்கிக்குள் நுழையாது. அதோடு, பீரங்கிக் குண்டின் வாயில் ஆறு துளைகளோடு ஒரு விளிம்பை வைத்து யாரும் வார்ப்பதில்லை. சென்னையில் விழுந்த குண்டு குடமுருட்டிக் கரைக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கும் அதைச் சொன்னவர்களிடம் பதில் இல்லை.

வேட்டுக்குழாய்க் கருத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் ஊரின் அனுபவம் இருக்கிறது. அதிர்வேட்டுக் குழாய் கனமான இரும்பால் ஆனது, அடி மூடியது, அடிப்பக்கத்தில் திரித்துளை உடையது என்பதெல்லாம் சரி. ஆனால், மருந்தைக் கெட்டித்து நிறுத்தி வைப்பதற்கு அடி தட்டையாக இருக்க வேண்டும். இது உருண்டு போகிறது. வேட்டின் வாய் உள்ளளவில் குறுகினால் வெடிக்கும்போது குழாயே பிளந்துவிடும். இதுவோ வாயில் குறுகி உள்ளே விரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, திரித்துளை என்று காட்டப்பட்ட துளையை மண் போகக் கழுவியபோது அதற்குள் மரை தெரிந்தது. திரி வைக்கும் துளைக்கு யாரும் மரை போடுவதில்லை. அங்கே ஏதோ ஒரு குழாயோ முனையோ திருகி இறுக்கப்பட்டிருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

பழைய இரும்பைச் சுத்தம் செய்வதில்தான் பெரும்பாலான அடையாளங்கள் அழிந்துபோகின்றன. கம்பி பிரஷ்ஷை டிரில்லில் மாட்டிப் பளபளவென்று ஆக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் துருவோடு சேர்ந்து அந்தப் பொருளின் வரலாறும் போய்விடுகிறது. இதை மண்ணெண்ணெயும் டீசலும் கலந்த தொட்டியில் ஊறப்போட்டு, மூங்கில் சீவலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினோம். முதலில் வெளிப்பட்டது குண்டுப் பகுதியின் நடுவே ஓடும் மெல்லிய மேட்டுக்கோடு. இரண்டு பாதி அச்சுகளை மணலில் சேர்த்து வைத்து ஊற்றும்போது அவை சந்திக்கும் இடத்தில் விழுகிற கோடு அது. ஆக, இது அடித்துச் செய்ததில்லை, வார்ப்பிரும்பு. ஆனால் விளிம்பின் முகம் மட்டும் லேத்தில் கடைந்து எடுத்ததுபோல் வழவழப்பாக இருந்தது. அந்த முகத்தில் வாயைச் சுற்றி ஓர் ஆழமற்ற வட்டப் பள்ளமும், பள்ளத்தின் ஓரிடத்தில் பச்சையாகக் களிம்பும் இருந்தன. செம்பு வளையம் வைத்து இறுக்கிய இடம்தான் அப்படிப் பச்சை பூக்கும். தண்ணீருக்கோ சாதாரண எண்ணெய்க்கோ தோலோ ரப்பரோ போதும். செம்பு வளையம் வைக்கிறார்கள் என்றால் அங்கே சூடும் அழுத்தமும் ஒன்றாக இருந்தன என்று பொருள்.

ஆறு துளைகளில் ஒன்றில் முறிந்த ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒன்று நட்டோடு சேர்ந்து துருவேறிச் சிக்கியிருந்தது. அதை உடைத்து எடுத்துவிடலாம் என்று பட்டறைப் பையன் சுத்தியலைத் தூக்கினான், நான்தான் விடவில்லை. நட்டுக்கு வெளியே நீட்டியிருந்த மரையைத் துடைத்து அளந்ததில் விட்டம் அரை அங்குலம், அங்குலத்துக்கு 12 மரை. அரை அங்குல போல்ட்டில் 12 மரை என்பது ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த பிரிட்டிஷ் முறை. அமெரிக்க முறையில் அதே அரை அங்குலத்துக்கு 13 மரை வரும். மெட்ரிக் முறை அளவிலேயே வேறுபடும். மரையின் கோணமும் விட்வொர்த்தில் 55 பாகை, அமெரிக்க முறையில் 60 பாகை. மரை கேஜை வைத்துப் பார்த்தபோது 55 பாகைப் பல் இடைவெளியின்றிப் பொருந்தியது. இதனால் இது இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்று உடனே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. விட்வொர்த் மரை நம் நாட்டுப் பட்டறைகளிலும் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. ஆனாலும் அமெரிக்க இயந்திரங்களை ஒதுக்கிவைக்க இந்த ஓர் அளவு உதவியது.

வெளிப்பரப்பை ஆராய்ந்தபோதுதான் உண்மையான துப்பு கிடைத்தது. குண்டுப் பகுதியின் ஒரு பக்கம் சாதாரணத் துருவோடு இருக்க, எதிர்ப்பக்கம் மட்டும் அடுக்கடுக்காகச் செதிள் விட்டு, அதன் கீழே வறண்ட குளத்தின் தரைபோல நுண்ணிய வெடிப்புகள் வலையாகப் பின்னியிருந்தன. வார்ப்பிரும்பைச் செந்தணலாகச் சூடாக்கி ஆறவிட்டு, மீண்டும் சூடாக்கி ஆறவிட்டு என்று நெடுங்காலம் வைத்திருந்தால், அதற்குள் கலந்திருக்கும் கரி பிரிந்து இரும்பு மெல்ல மெல்லப் பருக்கும். வெடிப்புகளின் வழியே காற்றுப் புகுந்து உள்ளேயும் துருப்பிடிக்கும். மண்ணில் கிடந்து வருகிற துருவுக்கும் தீயில் வெந்து வருகிற இந்தச் செதிளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு முறை கையால் தடவிப் பார்த்தவர் மறக்க மாட்டார். ஆக, இந்தப் பொருளுக்கு வெளியிலிருந்து, அதுவும் ஒரே பக்கத்திலிருந்து, தீ காட்டியிருக்கிறார்கள்.

உள்ளேயிருந்த களிமண்ணைக் கரைத்து எடுத்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், உட்சுவரில் வாயிலிருந்து அடிவரை நீளவாட்டில் ஓடும் விலாப்பட்டைகள். அவற்றின் இடுக்குகளில் கல்லாக இறுகிய கரி. சிறிது பெயர்த்துத் தீயில் காட்டினால் கனன்று சாம்பலானது. துருவாக இருந்தால் அப்படி எரியாது. விலாப்பட்டை வைப்பதன் நோக்கம் சூடான பரப்பை அதிகப்படுத்துவது. வெளியிலிருந்து தீ, உள்ளே சூட்டைப் பரப்பும் பட்டைகள், பக்கவாட்டில் ஏதோ ஒன்றைச் செலுத்தும் மரைத்துளை, எரிந்த எண்ணெயின் கரி, செம்பு வளையத்தோடு இறுக்கிய குறுகிய கழுத்து என்று இத்தனையும் ஒரே பொருளில் கூடிவருகிற இயந்திரம் ஒன்றுதான். பழைய ஆயில் என்ஜினின் ஹாட் பல்ப், அதாவது சூட்டுக் குமிழ், இது.

ஹாட் பல்ப் என்பது இன்றைய மெக்கானிக்குகளில் பலர் கண்ணால் பார்த்திராத பாகம். ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர் லண்டனுக்கு வடக்கே பிளெட்ச்லியில் தம் தந்தையின் இரும்புப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, 1880-களின் நடுவில், உருகிய வெள்ளீயத்தில் தவறுதலாக மண்ணெண்ணெய் சிந்தி, அது ஆவியாகி விளக்குச் சுடரில் பற்றிக்கொண்டது என்றும், அதிலிருந்தே அவருக்கு இந்த யோசனை பிறந்தது என்றும் சொல்வார்கள். கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிய இத்தகைய கதைகளை நான் பாதிதான் நம்புவேன். காப்புரிமை 1890-இல் கிடைத்தது என்பதை முழுமையாக நம்பலாம். இங்கிலாந்தின் கிரந்தம் நகரில் இருந்த ரிச்சர்ட் ஹார்ன்ஸ்பி நிறுவனம் அந்த உரிமையைப் பெற்று அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே ஹார்ன்ஸ்பி-அக்ராய்ட் என்ற பெயரில் என்ஜின்களை விற்கத் தொடங்கியது. 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டிக் கம்பியில்லாச் சைகை அனுப்பியபோது இங்கிலாந்தின் போல்டு நிலையத்தில் மின்சாரம் எடுக்க ஓடியதும் இந்த வகை என்ஜின்தான். அந்த நிறுவனமே 1918-இல் லிங்கனின் ரஸ்டன் நிறுவனத்தோடு இணைந்து, நம் ஊர்ப் பெரியவர்களுக்கெல்லாம் பழக்கமான ரஸ்டன் ஹார்ன்ஸ்பி ஆயிற்று.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது, அந்த எளிமையில்தான் அதன் அழகு. பெட்ரோலைப் போல மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அந்தக் காலத்து மின்பொறியையும் நம்ப முடியாது. ஆகவே சிலிண்டரின் தலையில் ஒரு குறுகிய கழுத்து வழியாக இந்த இரும்புக் குடுவையைப் பொருத்தி, வெளியே ப்ளோ லாம்ப் வைத்து அதைப் பழுக்கக் காய்ச்சினார்கள். பிஸ்டன் பின்னுக்குப் போய்ச் சிலிண்டருக்குள் காற்றை இழுக்கும்போது, ஒரு சிறிய பம்ப் எண்ணெயைக் குடுவைக்குள் பீய்ச்சும். சூடான விலாப்பட்டைகளில் பட்டு எண்ணெய் ஆவியாகும், ஆனால் எரிவதற்குப் போதிய காற்று அங்கே இருக்காது. பிஸ்டன் திரும்பி வந்து காற்றை நெருக்கும்போது அது கழுத்து வழியாகக் குடுவைக்குள் பாய்ந்து ஆவியோடு கலக்கும். கலவை சரியான பதத்துக்கு வந்ததும் பழுத்த சுவரே அதைப் பற்றவைக்கும். என்ஜின் ஓடத் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு வெடிப்பின் சூடும் அடுத்த வெடிப்புக்குப் போதுமானதாகிவிடும், விளக்கை அணைத்துவிடலாம்.

டீசல் என்ஜின் இதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று பலர் கேட்பதுண்டு. ருடால்ஃப் டீசலின் என்ஜினில் காற்றை மிகுதியாக நெருக்கி, அந்த நெருக்கத்தால் பிறக்கும் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கிறார்கள். வெளியிலிருந்து தீ வேண்டியதில்லை. ஹாட் பல்ப் என்ஜினில் காற்றின் அளவு மூன்றில் ஒரு பங்காகவோ ஐந்தில் ஒரு பங்காகவோ சுருங்கினாலே போதும். நெருக்கம் குறைவு என்பதால் சிலிண்டரும் பிஸ்டனும் மிகத் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. தரம் குறைந்த எண்ணெயையும் ஊற்றலாம். பெரிய மெக்கானிக் இல்லாத ஊரிலும் ஓட்டலாம். எண்ணெயை அதிகம் குடிக்கும் என்பதும், கிளப்ப நேரம் எடுக்கும் என்பதும்தான் குறை. இங்கிலாந்தில் டர்ஸ்லியின் லிஸ்டர் நிறுவனம் விளக்கின்றிக் குளிர்ந்த நிலையிலேயே கிளம்பும் தன் சி.எஸ். என்ஜினை 1930 வாக்கில் கொண்டுவந்தது. அது போன்ற டீசல் என்ஜின்கள் மலிவாகக் கிடைத்த பிறகு ஹாட் பல்ப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கருவி கூறியதை மனிதர் வாயாலும் கேட்டுவிட வேண்டும் என்பதற்காக, இளம் வயதில் ரைஸ்மில்களில் என்ஜின் டிரைவருக்குக் கையாளாக இருந்த பெரியவர் ஒருவரின் வீட்டுக்கு அதை எடுத்துச் சென்றேன். இன்னதென்று சொல்லாமல் திண்ணையில் அவர் எதிரே வைத்தேன். அவர் அதைக் கவிழ்த்து, செதிள் விட்ட பக்கத்தைத் தடவி, “இந்தப் பக்கந்தான் லாம்ப் வைப்போம். காலையில வந்தா மொத வேல இதுதான் தம்பி. கிருஷ்ணாயில் ஊத்தி, காத்தடிச்சு, மண்டை செவக்கிற வரைக்கும் உக்காந்திருக்கணும். செவக்காம வீலச் சுத்துனா திருப்பி அடிச்சிரும்” என்றார். நெல்லின் உமி நீக்கும் ஹல்லரில் நெல் இல்லாமல் என்ஜின் சும்மா ஓடினால் மண்டை ஆறிப்போய்விடும், மறுபடி லாம்ப்பைப் பற்றவைக்க வேண்டும், அதற்காகவே அறவைக்கு நெல் மூட்டை வரிசையில் சேரும்வரை காத்திருந்து ஓட்டுவோம் என்றும் சொன்னார். நூல்களில் சுமை குறைந்தால் குமிழ் குளிரும் என்று ஒரு வரியில் எழுதியிருப்பது, ஒரு ரைஸ்மில்லின் வாசலில் மூட்டையோடு காத்திருந்தவர்களின் காலையாக இருந்திருக்கிறது.

இனி அந்தச் செங்கல் மேடைக்கு வருகிறேன். பொருளைவிட அது கிடந்த இடம் அதிகம் பேசும் என்பது அகழாய்வு செய்கிறவர்களின் பாலபாடம், ஆனால் பொக்லைன் அதற்குப் பொறுத்திருப்பதில்லை. நல்ல வேளையாக, வீட்டுக்காரர் அந்த மேடையை உடைப்பதற்கு முன் நான் போய்ப் பார்க்க முடிந்தது. மேற்பரப்பில் நான்கு இடங்களில் கனத்த போல்ட்டுகளின் தண்டுகள் அறுபட்டு நின்றன. என்ஜினை அசையாமல் பிடித்திருந்த போல்ட்டுகள் அவை. மேடையின் ஒரு பக்கத்தில் குறுகிய, நீண்ட, செங்கல் கட்டிய குழி. ஆளுயரம் வரக்கூடிய ஃபிளைவீலின் கீழ்ப்பாதி இறங்கிச் சுழல்வதற்காக விடும் குழி அது. நம் பொருள் கிடைத்ததும் அதற்குள்தான். குழியின் அடியில் எண்ணெய் ஊறிக் கறுத்த மண்ணும், அதன் மேல் உமிச் சாம்பலும், அதற்கும் மேல் உடைந்த ஓடும் செங்கலுமாக அடுக்குகள் தெரிந்தன. என்ஜினைக் கழற்றி எடுத்துக்கொண்டு போன பிறகு, கையில் அகப்பட்டதையெல்லாம் போட்டுக் குழியைத் தூர்த்திருக்கிறார்கள்.

குடுவையில் கழுத்திலிருந்து குண்டுப் பகுதிவரை ஒரு விரிசல் ஓடுகிறது, விரிசலின் உட்பக்கம் முழுவதும் கரி படிந்திருக்கிறது. பொக்லைன் வாளி பட்டோ மண்ணின் பாரத்தாலோ வந்த விரிசலில் கரி படிய வழியில்லை. என்ஜின் ஓடும்போதே அது வெடித்து, சில காலம் கசிந்துகொண்டே ஓடியிருக்க வேண்டும். தினமும் பழுத்து ஆறும் வார்ப்பிரும்புக்கு இதுதான் வழக்கமான முடிவு. ஆகவே இது என்ஜினோடு இருந்த கடைசிக் குடுவையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மாற்றி எறிந்த பழையதாகவும் இருக்கலாம்.

எந்த நிறுவனத்து என்ஜின் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ரஸ்டன் என்று சொல்லிவிட்டால் கேட்கிறவருக்கும் மகிழ்ச்சி, சொல்கிறவருக்கும் பெருமை. ஆனால் விலாப்பட்டையும் பக்கவாட்டுத் துளையும் இது படுக்கைவாட்டு ஹார்ன்ஸ்பி வகைக் குடுவை என்பதைத்தான் காட்டுகின்றன. அந்த அமைப்பைப் பலரும் பின்பற்றினார்கள். விளிம்பின் ஓரத்தில் புடைப்பாகத் தெரியும் இலக்கங்களைக் கண்டு சிலர் அதை என்ஜின் எண் என்று எடுத்துக்கொண்டார்கள். வார்ப்பிலேயே புடைத்து வருகிற எண் அச்சின் எண்; அந்த அச்சில் ஊற்றிய அத்தனை குடுவைகளிலும் அதே எண் இருக்கும். தனி என்ஜினின் எண்ணைப் பஞ்ச் வைத்துப் பள்ளமாகக் குத்துவார்கள், பித்தளைத் தகட்டிலும் பொறிப்பார்கள். அந்தத் தகடு கிடைத்தால் நிறுவனத்தின் பெயரை எழுதுகிறேன். அதுவரை ‘ஹாட் பல்ப், பிரிட்டிஷ் மரை, படுக்கைவாட்டு என்ஜின்’ என்பதோடு என் குறிப்பேட்டில் நிறுத்தியிருக்கிறேன்.

இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்த உறவு ஜெர்மனியின் லான்ஸ் புல்டாக் டிராக்டர். 1921-இல் வந்த முதல் புல்டாக்கும் ஹாட் பல்ப் வண்டிதான்; பின்னோக்கி ஓட்டத் தனி கியர் கிடையாது, இரண்டு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) என்ஜின் என்பதால் என்ஜினையே எதிர்த்திசையில் சுழலவைத்து வண்டியைப் பின்னுக்கு ஓட்டினார்கள். நம் குடுவை நான்கு வீச்சு வகையைச் சேர்ந்தது, அந்த வித்தையெல்லாம் அதற்குத் தெரியாது.

பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு விலை பேசிப் பார்த்தார்; வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. புது வீட்டின் வராந்தாவில் வைக்கப் போகிறாராம். வெள்ளி நிறப் பெயின்ட் அடித்தால் எடுப்பாக இருக்கும் என்று டப்பாவும் வாங்கிவிட்டார். விரிசலில் வெல்டிங் வைக்க வேண்டாம், வார்ப்பிரும்பு அந்தச் சூட்டில் இன்னும் நீளமாகப் பிளக்கும் என்று சொன்னதை ஒப்புக்கொண்டார். பெயின்ட் விஷயத்தில் இன்னும் பேச்சு நடக்கிறது. லாம்ப் பட்ட பக்கத்தையாவது எண்ணெய் மட்டும் பூசி விட்டுவிடும்படி கேட்டிருக்கிறேன், அளவெடுத்து வரைபடம் போட்டு முடிக்கும்வரை டப்பாவைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.